மின்கம்பத்தை அழிக்கலாமா? யானைமலைப் பக்கமிருந்து ஒரு விவாதம்

5 அக்டோபர் 2024, வாசகர் ஒருவர் எழுப்பியது

"நிலக்காட்சிப் படம் என்றால் அதில் நிலம் மட்டுமே இருக்க வேண்டும். மின்கம்பம், கம்பி, செல்போன் கோபுரம், ஆள், ஆடு, மாடு எது வந்தாலும் கணினியில் அழித்துவிடுவதுதான் முறை. அதைப் பொய் என்பவர்களுக்கு ஒளிப்படக் கலை தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன்: மதுரையைச் சுற்றி நிலக்காட்சி என்று எடுக்க எதுவுமே இல்லை. ஊட்டிக்கோ மூணாற்றுக்கோ போகாமல் இந்தக் கலையில் யாரும் தேற முடியாது."

6 அக்டோபர் 2024

இரண்டு கூற்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். மதுரையைச் சுற்றி எதுவும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றக் காரணம், நீங்கள் தேடுகிற ஆளில்லாத நிலம் இங்கே கிடைக்காததுதான். இங்கே எந்த மலையைக் கேமராவின் சட்டகத்துக்குள் கொண்டுவந்தாலும் அதன் அடிவாரத்தில் ஒரு கோயிலும், ஒரு கண்மாயும், கரையில் பனைகளும், அந்தப் பனைகளுக்கு நடுவே ஒரு டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தே வந்து நிற்கும்.

ஊட்டியில் மட்டும் ஆள் கை படாத இயற்கை கிடைத்துவிடுகிறதா என்ன? ஊட்டி ஏரி 1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் ஓடைநீரை மறித்துத் தேக்கியது. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பைன் மரக் காடு வரிசை பிடித்து நட்டது. அவலாஞ்சியிலும் எமரால்டிலும் பனிமூட்டத்தோடு எடுத்து மாட்டி வைக்கிறோமே, அந்த ஏரிகள் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணைகளின் தேக்கம். அந்த மலையின் பழைய நிலம் சோலையும் (மலை மடிப்புகளில் வளரும் குட்டைக் காடு) புல்வெளியும்தான்; அங்குள்ள சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், அந்தப் புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் புல்வெளியைப் பார்த்ததும் "மொட்டையாக இருக்கிறது, பைன் காட்டுக்குப் போகலாம்" என்று வண்டியைத் திருப்பச் சொன்னவர்களோடு நானும் பயணம் செய்திருக்கிறேன். அழகாக இருப்பதையெல்லாம் இயற்கை என்று நம்பும் பழக்கம் கேமராக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்.

நான் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடைப் பக்கத்தில் இருப்பவன். தந்தையின் யாஷிகா எம்எஃப்-2 கேமராவில் பிலிம் போட்டு எடுத்த காலத்திலிருந்து எங்கள் ஊர்ப் பாறைக்குன்றான யானைமலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் தேறினேனா என்பது வேறு விஷயம்.

6 அக்டோபர் 2024, இரவு

மின்கம்பக் கேள்விக்கு நேரான பதிலை விட்டுவிட்டேன். அழிப்பதா வேண்டாமா என்பதைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்வது மிகவும் பிந்திய வேலை. படம் எடுக்கும்போதே இரண்டடி இடப்புறம் நகர்ந்து கம்பத்தைப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டால், அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. கம்பம் படத்தில் இல்லை என்கிற விளைவு இரண்டிலும் ஒன்றே. எனவே பொய்யா மெய்யா என்ற கேள்வியை மென்பொருளின் தலையில் கட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டகத்தின் நான்கு விளிம்புகளே எந்த மென்பொருளையும்விட அதிகமாக அழிக்கின்றன.

9 அக்டோபர் 2024

பழைய காலத்துப் படம் கலப்படமில்லாதது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காக யானைமலையின் கதையையே சொல்கிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857-இன் கடைசியில் கிளம்பி 1858-இல் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றினார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு அன்று. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். மதுரையில் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்த கையோடு யானைமலையையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவர்தாம்.

அந்தக் கால ரசாயனப் பூச்சுக்கு நீல நிறம் மட்டும் மிகையாக உறைக்கும். நிலம் சரியாகப் பதியும் அளவுக்கு ஒளி கொடுத்தால் வானம் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத்திரளுக்கும் ஆங்காங்கே தம் கையாலேயே அழுத்தம் கொடுத்தார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே அதே காலத்தில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே அச்சில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆக, வானத்தை மாற்றிப் போடும் வேலை செல்போன் செயலியோடு பிறந்ததன்று.

டிரைப் வகித்த பதவியை, ஆடம்பரச் செலவு என்று சொல்லிச் சென்னை கவர்னர் டிரெவெலியன் மூடிவிட்டார். கேமரா வாங்கும்போது வீட்டில் எனக்குக் கிடைக்கும் விமரிசனமும் ஏறக்குறைய இதுவே.

10 அக்டோபர் 2024

நேற்றைய குறிப்பில் ஒன்று விடுபட்டது. அந்தக் காகித நெகட்டிவுக்கு நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டியிருந்ததால், நடமாடிய மனிதர்கள் பதியவே இல்லை. 1858-இன் மதுரை அந்தப் படங்களில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கு நாம் விரும்பி உருவாக்கும் வெறுமை, அன்றைக்கு ரசாயனத்தின் குறைபாடாக வந்தது. குறைபாடு எப்போது இலக்கணமானது என்பதை யாராவது தேடிப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

15 அக்டோபர் 2024

எந்த நேரத்து ஒளியில் மலையை எடுப்பது என்று கேட்டவருக்கு.

அயல்நாட்டுக்காரர்கள் எழுதிய பாடங்களைப் படித்துவிட்டு, "பொன்னொளி நேரத்தில் (சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது) நிதானமாக எடுங்கள்" என்ற அறிவுரையை நம்பி முக்காலியோடு போய் ஏமாந்தவர்கள் இங்கே பலர். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு 6 பாகை மேலே நிற்கும் சூரியன் மறைவதற்கு இங்கே சுமார் 25 நிமிடம் ஆகும். லண்டனில் அதே தூரத்துக்கு 40 நிமிடம் வரை ஆகும். நாம் லென்ஸை மாற்றி, பில்டரைத் துடைத்து, கீழே மேயும் மாடு நகரட்டும் என்று காத்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. சித்திரை தொடக்கத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு கடைசியில் ஒரு நாளும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த நாட்களை ஒட்டிய வாரங்களில் காலை ஒன்பது மணிக்கே பாறையின் மடிப்புகளிலிருந்து நிழல் வழிந்து போய்விடுகிறது. மலை தட்டையாகிவிடுகிறது. மூடுதூசியும் சேர்ந்துகொண்டால், மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்த மலை சாம்பல் நிறத்தில் வெட்டி ஒட்டிய அட்டையாகவே வரும். சிதறிய ஒளியை வடிகட்டி வானத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் பில்டர் உதவும் என்பார்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் பார்க்கும்போது மட்டுமே அது நன்றாக உதவும், அகன்ற லென்ஸில் வானத்தின் ஒரு மூலையை மட்டும் கறுப்பாக்கிக் காட்டிக்கொடுத்தும்விடும்.

என் கணக்கில் யானைமலைக்கு நல்ல காலம் ஐப்பசி மழைக்குப் பின் தொடங்கித் தை வரை நீள்கிறது.

16 அக்டோபர் 2024

மேலே கொடுத்த நிமிடக் கணக்கு பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் சம இரவு நாட்களுக்கு உரியது என்று ஒருவர் சுட்டியிருப்பது சரி. மார்கழியில் மதுரையில் இரண்டு நிமிடம் கூடலாம். லண்டனின் கோடையில் 50 நிமிடத்தையும் தாண்டும். ஆக, வேறுபாடு இன்னும் பெரியது. நம் பக்கத்து வருத்தமும் அதே அளவில் பெரியது.

20 அக்டோபர் 2024

"யானை போலத் தெரியும் இடம் எது, கூகுள் வரைபடத்தில் புள்ளி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கொடுக்க மாட்டேன், மறைப்பதற்காக அன்று. நெடுஞ்சாலையில் வந்தாலே தெரிகிற காட்சிக்குப் புள்ளி தேவையில்லை.

படுத்த யானையாகத் தெரிகிற அந்த ஒரு கோணத்திலிருந்துதான் எல்லோரும் எடுக்கிறோம். சமணர்கள் ஏவிய யானையை இறைவன் அம்பெய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடல் கதை சொல்லுகிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே போல் ஒவ்வொரு கதை உண்டு. கதை கண்ணில் ஏறிவிட்டால் மலை மறைந்துபோகிறது. யானையின் துதிக்கை, யானையின் முதுகு என்றே தேடுகிறோம். நான் மலையை மலையாகப் பார்க்கத் தொடங்கியது, யானை தெரியாத பின்பக்கத்துக்கு ஒரு வேலையாகப் போனபோதுதான். மழைநீர் ஆண்டுக்கணக்கில் வழிந்த தடங்களில் நீலப்பச்சைப் பாசி படிந்து கறுத்த நீளக் கோடுகள், தோல் உரிவதுபோல் பாளம் பாளமாகப் பெயர்ந்து நிற்கும் மேற்பரப்பு, இடுக்கில் வேர் பிடித்த கல்லிச்சி மரங்கள் எல்லாம் அங்கேதான் கண்ணில் பட்டன.

லென்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெலி லென்ஸ் மலையை அருகில் இழுத்துப் பெரிதாக்குகிறது என்று சொல்கிறார்கள். பொருள்களின் அளவு உறவைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம். லென்ஸ் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது, அவ்வளவே. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நின்று எடுத்தால் வீடுகளின் மேல் மலை கவிந்து நிற்கும். நரசிங்கம் தெருவில் நின்று எடுத்தால் டீக்கடைப் பந்தலே மலையைவிட உயரமாக வரும். இரண்டும் உண்மை.

28 அக்டோபர் 2024

மூன்று நாட்களுக்கு முன் மதுரையில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில், மழைக்குப் பின் காற்று கண்ணாடியாகிவிட்டது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது உண்மை. நேற்றுக் காலையில் அழகர்மலையின் மடிப்புகள் ஒத்தக்கடையிலிருந்தே தனித்தனியாகத் தெரிந்தன. ஈரப் பாறை கறுப்பும் இளஞ்சிவப்புமாக இருந்தது. செல்போனில் எடுத்தவர்களின் படங்களில் அந்தக் கறுப்பு காணாமல்போய்விட்டது. நிழலை எல்லாம் தூக்கி வெளிச்சமாக்கிவிடும் கணக்கு அதற்குள் இருக்கிறது. பாறையின் கனத்தைக் காட்டுவது அந்த நிழல்தான் என்பதால் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஒரு படி குறைத்து எடுத்துப் பாருங்கள்.

மா. கிருஷ்ணனைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். நம் நாட்டுக் காட்டுயிர் ஒளிப்படக்காரர்களில் முன்னோடி. வண்ணம் வந்து பல காலம் ஆன பின்னும் கறுப்பு-வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்தார். கருவி போதவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு அவரைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். ஆனால் அவருடைய காட்டறிவு நம்மிடம் இல்லை என்பதைச் சொல்லாமல் கருவியை மட்டும் பேசுவது ஏமாற்று.

19 நவம்பர் 2024

பேச்சு வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் கேள்வியிலிருந்து விலகவில்லை.

மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி என்ற பெயரில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டிருக்கிறது. அரிட்டாபட்டியும் அதற்குள் வருகிறது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்த அதே அரிட்டாபட்டிதான். மீனாட்சிபுரத்தின் ஒரு பகுதியோடு சேர்ந்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், அதன் பக்கத்தில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம், சமணத் துறவிகளின் கற்படுகை, தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு, லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும் குந்தும் பாறை விளிம்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

செய்தியைப் படித்ததும் நான் அந்தக் குன்றுகளை எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்தேன். நல்ல படங்கள்தாம். காலை ஒளி, சுத்தமான வானம், வழவழப்பான பாறை. ஆள் இல்லை, ஆடு இல்லை, கண்மாய் இல்லை, கோயிலும் சட்டகத்துக்கு வெளியே. அந்தப் படங்களை எடுத்துக்கொண்டுபோய் ஒருவரிடம் காட்டி, "இங்கே வெறும் பாறைதான் இருக்கிறது, தோண்டினால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டால், படம் அவர் பக்கமே சாட்சி சொல்லும்.

24 நவம்பர் 2024

மேலே எழுதியதைச் சிலர் மிகை என்கிறார்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 2012-இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அறிக்கை அனுப்பிய பிறகுதான் அந்த விவகாரம் பெரிதாக வெளியே வந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அந்தச் சாலையில் போய்வந்த நாங்கள், குன்று தேய்வதைப் பார்த்தும் பாராமல்தான் இருந்தோம். தேய்கிற குன்று அழகாக இல்லை என்பதால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. வெட்டுமுகம் தெரியாத கோணமாகத் தேடி நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை மிக நெருக்கமாகவே தெரியும்.

யானைமலைக்கும் 2010-இல் ஆபத்து வந்தது. அதைச் சிற்ப நகரமாக்கும் யோசனை எழுந்தபோது அடிவாரத்து ஊர்க்காரர்கள்தாம் எழுந்து நின்றார்கள். அந்தக் கிளர்ச்சியை ஒட்டித்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன், பழைய மலைகளுக்கும் குடைவரைகளுக்கும் மக்களை நடத்திக் கூட்டிச் செல்லும் பசுமை நடையைத் தொடங்கினார். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த கோயிலை, அவர் இறந்த பின் தம்பி மாறன் எயினன் முடித்துவைத்த செய்தி அதில் உண்டு. பாறையின் மேல் உளி படுவது அங்கே புதிதன்று. ஆனால் அந்த உளி பட்ட பின்னும் மலை மலையாகவே இருந்தது.

11 டிசம்பர் 2024

சட்டமன்றத்தில் டங்ஸ்டன் ஏலத்துக்கு எதிராக 9-ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இதற்கிடையில் இந்த இழையைத் தொடங்கிய வாசகர் ஒரு நல்ல எதிர்வாதம் வைத்திருக்கிறார். சுருக்கிச் சொன்னால்: ஆளில்லாத படங்கள்தாம் உலகத்தில் நிலங்களைக் காப்பாற்றின, அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள்.

பார்த்தேன். ஒளிப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குள் போனார். அவர் கொண்டுவந்த படங்கள் கிழக்குக் கரைக்காரர்களின் கண்ணைத் திறந்தன. 1864-இல் ஆபிரகாம் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கெனக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்துக்குப் படங்கள் துணை நின்றன என்பதை யாரும் மறுப்பதில்லை. பின்னாளில் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் சியரா மலைகளை எடுத்த படங்களும் 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைய உதவின. எனவே உங்கள் வாதத்தை நான் தள்ளிவிட முடியாது.

ஆனால் வாட்கின்ஸ் போவதற்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன், 1851-இல், மாரிபோசா படைப்பிரிவு அங்கே நுழைந்து, அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடியிருப்புகளை எரித்து அவர்களைத் துரத்தியிருந்தது. படத்தில் தெரியும் அமைதிக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு. நிலம் காப்பாற்றப்பட்டது, அதில் வாழ்ந்தவர்கள் நிலத்தின் பகுதி என்ற கணக்கிலேயே வரவில்லை. யோசெமிட்டியில் செல்லுபடியான உத்தியை அரிட்டாபட்டிக்கு எடுத்துவர எனக்குத் தயக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இங்கே மலையைக் காப்பாற்றச் சாலையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மலையடியில் ஆடு மேய்ப்பவர்களும் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைப்பவர்களும். அவர்களை நீக்கிவிட்டு மலைக்காகப் பேசும் படம் யாருக்காகப் பேசும்?

12 டிசம்பர் 2024

ஆடம்ஸ் பெயர் வந்ததால் மின்கம்பத்துக்கு ஒருமுறை திரும்புகிறேன். 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போனபோது அவர் கையில் கடைசியாக இரண்டே தகடுகள் மிஞ்சியிருந்தன. ஒன்றை மஞ்சள் பில்டரோடு எடுத்தார். பாறையைப் பார்த்தபோது தமக்குத் தோன்றிய கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்து, இரண்டாவதை அடர்சிவப்பு பில்டரோடு எடுத்தார். நீல வானம் ஏறக்குறையக் கறுப்பானது. அவரை உலகம் அறியச் செய்த படங்களில் அது முதன்மையானது. அந்த வானம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாறை அவர்மேல் ஏற்றிய அழுத்தம் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது.

ஆக, என் நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வானத்தைக் கறுப்பாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. யானைமலைக்கு முன்னால் குறுக்கே தொங்கும் கேபிள் டிவி கம்பியை அழிப்பதிலும் பெரிய மறுப்பில்லை. சென்ற மாதம் ஒன்றை அழித்தேன். ஆட்டையும் ஆளையும் கண்மாயையும் அந்தக் கம்பியோடு ஒரே பட்டியலில் வைப்பதில்தான் மறுப்பு. இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக எழுதச் சொன்னால் எனக்கு வராது. மின்கம்பம் எந்தப் பட்டியலில் வரும் என்று கேட்டால், அது யாருடைய மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

8 ஜனவரி 2025

நேற்று மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரைக்கும் மக்கள் நடந்தே வந்தார்கள். ஒத்தக்கடையில் நின்று பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் யானைமலை. மார்கழி வெயில் நன்றாகச் சாய்ந்து விழுந்திருந்தது. நான் இத்தனை காலம் காத்திருந்து எடுக்க நினைத்த ஒளி அதுதான். சட்டகம் முழுக்கத் தலைகள், பதாகைகள், டிராக்டர், சாலையோரப் பெயர்ப்பலகை, பின்னே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். மலை மேல்விளிம்பில் ஒரு பட்டையாகத்தான் வந்திருக்கிறது. எடுத்தவற்றில் எதையும் வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. "இது செய்திப்படம், நிலக்காட்சி இல்லை" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். அந்தப் பட்டியலைப் போட்டது நானில்லை.

24 ஜனவரி 2025

ஏலம் ரத்து என்று சுரங்க அமைச்சகம் நேற்று அறிவித்துவிட்டது. மகிழ்ச்சியை அவரவர் ஊரில் கொண்டாடிக்கொள்ளுங்கள். இங்கே வேறு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

இந்த இழையைப் படித்துவிட்டு, அறுபட்ட குன்றுகள் பழையபடி எப்படி இருந்தன என்று ஒரு மாணவர் கேட்டார். என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த மற்ற கேமராக்காரர்களிடம் கேட்டால் அவர்களிடமும் இல்லை. அழகான மலைகளைத் தேடி நாங்கள் எல்லோரும் மூணாற்றில் இருந்தோம். கடைசியில் கிடைத்தது, கீழவளவுப் பக்கத்து உறவினர் வீட்டு ஆல்பத்தில். குலசாமிக்குக் கிடா வெட்டிய அன்று எடுத்த குடும்பப் படம். முன்னால் இருபது பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோணலான அடிவானம், ஒரு மூலையில் விரல் மறைத்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு குன்று முழுசாக நிற்கிறது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர் தேங்கிய குழி.

2 பிப்ரவரி 2025

எனவே கேட்கிறேன். மேலூர், கீழவளவு, திருவாதவூர், அரிட்டாபட்டி, மாங்குளம் வட்டாரத்தில் 2000-க்கு முன் எடுத்த படம் எதுவாக இருந்தாலும் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, புது டிராக்டருக்கு மாலை போட்டு எடுத்தது, எதுவானாலும் சரி. பின்னணியில் குன்றின் ஒரு ஓரம் தெரிந்தால் போதும். ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டாம், ஒட்டியிருந்தால் மேற்பூச்சு உரிந்துவிடும். சன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், செல்போனை நேராகப் பிடித்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது.

தேதி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஆன்சல் ஆடம்ஸ் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் நிலா எழும் நேரத்தில் எடுத்த படத்துக்கு அவருக்கே தேதி நினைவில்லை. வானியலாளர்கள் நிலாவின் இடத்தை வைத்து, 1941 நவம்பர் 1 என்று கணக்கிட்டார்கள். நம்மிடம் நிலா இல்லாவிட்டாலும் எந்த அத்தைக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்கே நின்று, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை எடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் நிற்க ஆள் மட்டும் நீங்கள் அனுப்ப வேண்டும்.